தோல் கட்டிய மணிகள்

மணியின் நாக்குக்குத் தோல் கட்ட ஒரு ஆள் போதாது. ஒருவர் நாக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குனிந்து வாரை முடிய வேண்டும். ஹிலரி பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் லெஸ்லி முழங்காலிட்டு முடிந்துகொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு, லெஸ்."

"இதுக்கு மேல இறுக்கினா வார் அறுந்துடும்."

"அறுந்தா அண்ணன்கிட்ட யாரு பேச்சு வாங்குறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அண்ணன் இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. லெஸ்லி நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு முடிச்சுப் போட்டார்.

அண்ணன் நெவில் போன வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். மெர்கோட் தேவாலயத்து மணிக்கூண்டில் இருக்கும் ஆறு மணிகளில் பெரிய மணி அவருடையது. வாலிப வயதில் பிடித்த கயிற்றைப் போன மாதம் வரைக்கும் விடவில்லை. இன்று மதியம் அவரை அடக்கம் செய்கிறார்கள். மணி அடிக்கிறவர் ஒருவர் இறந்துவிட்டால் நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் கட்டி அடிப்பது அந்த ஊர் வழக்கம். ஓர் அடி கணீரென்று விழும். அடுத்த அடி மலைக்கு அப்பாலிருந்து வருவதுபோல மங்கிப்போய் விழும்.

இதிலெல்லாம் புதிதாக ஒன்றும் இல்லை. நாள்தான் வில்லங்கமான நாள். ஜனவரி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. ஓட்டெடுப்பு முடிந்து மூன்றரை வருஷம் இழுத்தடித்து, இன்று ராத்திரியோடு பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே வருகிறது. போதகரம்மா ஆன்தியாவுக்கு வேறு நாள் ஒழியவில்லை.

அந்த நாளுக்காக மணி அடிக்கச் சொல்லி ஊர் மன்றத் தலைவர் கிளைவ் கேட்டிருந்தார். மணிக்கூண்டுக்குத் தலைவி ஹிலரிதான். "கல்யாணத்துக்கு அடிப்போம், சாவுக்கு அடிப்போம், ஞாயித்துக்கிழமை அடிப்போம். கட்சிக்கு அடிக்க மாட்டோம்" என்று மன்றத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். அந்தக் கூட்டத்தில் கிளைவுக்காகக் கை தூக்கியவர்களில் அவள் அண்ணன் நெவிலும் ஒருவர். வெளியே வந்ததும், "உன் பிடிவாதம் அப்படியே நம்மம்மா பிடிவாதம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவளுக்குக் குடை பிடித்தார்.

கடைசி மணிக்குத் தோல் கட்டிக்கொண்டிருக்கும்போது ஹிலரியின் கைபேசி அடித்தது. கிளைவ்தான்.

"ஹிலரி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. மணிக்கெல்லாம் துக்கத் தோல் கட்டுறீங்களாமே?"

"ஆமா. அடக்கம் இருக்குல்ல."

"அது சரிங்க. ஆனா இன்னிக்குப் பார்த்து..."

"இன்னிக்குத்தானே அடக்கம்."

கிளைவ் தொண்டையைச் செருமினார். "ஊர்ல வேற மாதிரி பேசிக்கிறாங்க. நாடு வெளியே வர்றதுக்கு நீங்க துக்கம் கொண்டாடுறீங்கன்னு யாரோ ஃபேஸ்புக்ல போட்டுட்டாங்க. லெஸ்லி தோல் பையைத் தூக்கிட்டுப் போற போட்டோ கூட இருக்கு."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

"அது தெரியல. நூத்துக்கணக்குல பேசிட்டிருக்காங்க. எனக்கே ஒரு மாதிரி இருக்கு. நீங்களும் லெஸ்லியும் யூனியன்ல இருக்கணும்ங்கிற கட்சின்னு எல்லாருக்கும் தெரியும். அதனால கேட்டேன்."

"கிளைவ், எங்க அண்ணன் செத்துட்டாரு. நீங்களும் அவரும் ஒண்ணா உக்காந்து எத்தனை வருஷம் சைடர் குடிச்சிருப்பீங்க? அவருக்குத் தோல் கட்டாம வேற யாருக்குக் கட்டுறது?"

"நான் நம்புறேன்" என்றார் கிளைவ் கடைசியில். "நம்பாதவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

ஹிலரி கைபேசியைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். "என்னவாம்?" என்றார் லெஸ்லி.

"நாம புரட்சி பண்றோமாம்."

"இந்த முழங்கால வச்சுக்கிட்டா?" என்று சொல்லி அவர் கம்பத்தைப் பிடித்து எழுந்தார்.

அவர்கள் ஏணியிலிருந்து இறங்கிக் கயிறுகள் தொங்கும் அறைக்கு வந்தபோது மார்ட்டின் அங்கே நின்றிருந்தான். நெவிலின் ஒரே மகன். கறுப்புக் கோட்டுக்குக் கீழே தோட்டத்து பூட்ஸ். சவரம் செய்த முகத்தில் ஓரிடத்தில் வெட்டு. அஸ்பாரகஸ் வயலும் பிளம் தோட்டமும் இப்போது அவன் பொறுப்பு. ஐந்தாவது கயிறு அவனுடையது. இன்றைக்கு மட்டும் அவன் துக்க வீட்டாரோடு முன்வரிசையில் உட்கார வேண்டியவன்.

"அத்தை, அந்தத் தோலை அவுத்துடுங்க."

"நீயுமா மார்ட்டின்?"

"கடைக்குப் பால் வாங்கப் போனேன். உள்ள நுழைஞ்சதும் பேச்சு நின்னுடுச்சு. அப்புறம் ஒருத்தர் வந்து, 'உங்கப்பா சாவை வச்சு உங்க அத்தை கொடி பிடிக்கிறாங்களே, நீ சும்மாவா இருக்கே?'ன்னு கேக்குறாரு. எனக்கு எப்படி இருக்கும்?"

"நீ என்ன சொன்னே?"

"பாலை வச்சுட்டு வந்துட்டேன்." அவன் தன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். "அப்பா ஆஸ்பத்திரில சொன்னது உங்களுக்கும் தெரியும். அந்த நாள் வந்தா மணி அடிக்கணும், தோல் கீல் இல்லாம திறந்து அடிக்கணும், நான் இருந்தாலும் இல்லாட்டாலும்னு சொன்னாரு."

"என்கிட்டயும் சொன்னாரு. முடியாதுன்னேன்."

"சாகப்போறவர்கிட்டயா?"

"சாகப்போறவர்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா? முடியாதுன்னேன். 'தெரியும், கேட்டுப் பார்த்தேன்'னு சிரிச்சாரு."

மார்ட்டின் தரையைப் பார்த்தான். பிளம் பூக்கும் காலத்தில் பனி விழுந்துவிட்டால் அவன் அப்பா தோட்டத்தைப் பார்ப்பது போன்ற பார்வை அது.

"இதுல நானும் முடிவு பண்ண வேண்டாம், நீயும் முடிவு பண்ண வேண்டாம். உங்கம்மாகிட்ட கேப்போம். அண்ணி அவுக்கச் சொன்னா இப்பவே ஏறி அவுத்துடறேன்."

அண்ணி மௌரீன் சமையலறை மேசை முன்னால் கறுப்பு உடையில், காலில் வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். தேநீர்ப் பானைக்கு நெவில் பின்னிய கம்பளி உறை. அடுப்பின் மேல் அவருடைய தொப்பி காய்ந்துகொண்டிருந்தது. அதைத் துவைத்துக் காயப்போட வேண்டும் என்று அவளுக்கு எதற்காகத் தோன்றியது என்று ஹிலரி கேட்கவில்லை.

மார்ட்டின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கடையில் பேசியது, ஃபேஸ்புக், அப்பாவின் ஆசை. மௌரீன் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். நாற்பத்துச் சொச்சம் வருஷமாக அந்த வீட்டில் பேசுவது நெவில். தேநீர் ஊற்றுவது மௌரீன்.

"தோல் இருக்கட்டும்" என்றாள்.

"அம்மா..."

"அவர் செத்துப்போனதுக்குத்தான் மணி. வேற எதுக்கும் இல்ல. அவர் எத்தனை பேர் அடக்கத்துக்கு இப்படித் தோல் கட்டி அடிச்சிருக்காரு? அவருக்கு மட்டும் கட்டாம விட்டா அது மரியாதையா?"

"ஜனங்க பேசுறாங்களேம்மா."

"அப்ப நீ போய்ப் பேசு. தேவாலய வாசல்ல நின்னு நீயே சொல்லு. அம்மா சொல்லித்தான் கட்டியிருக்குன்னு சொல்லு. உங்க அத்தை சொன்னா நம்ப மாட்டாங்க. நெவில் மகன் சொன்னா நம்புவாங்க."

மார்ட்டின் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். நல்ல ஷூ போட்டுக்கொள்ள. அதுதான் அவன் சம்மதம்.

ஹிலரி கிளம்பும்போது மௌரீன் அவள் கையைப் பிடித்தாள்.

"பிரையனி வந்திருக்காளா?"

"நேத்து சாயங்கால ரயில்ல வந்தா, அண்ணி."

"இந்தப் பக்கம் வரலையே."

"வருவா" என்றாள் ஹிலரி, நிச்சயமில்லாமல்.

பிரையனி ஹிலரியின் மகள். பர்மிங்காமில் பிசியோதெரபிஸ்ட். ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் கிராம மண்டபத்தில் நடந்த விவாதக் கூட்டத்துக்கு வந்தவள், நெவில் பேசி முடித்ததும் எழுந்து, "மாமா, உங்க தோட்டத்துல பிளம் பறிக்கிறது யாரு? பல்கேரியாக்காரங்க இல்லாம ஒரு சீசன் ஓட்டிடுவீங்களா?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. நெவில் சிரிக்கவில்லை. "கூட இருந்துகிட்டே முதுகுல குத்துறவங்களுக்கு இந்த ஊர்ல பேச உரிமை கிடையாது" என்றார். அவ்வளவு பேர் முன்னால். அன்றிலிருந்து பிரையனி மாமா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான்கு கிறிஸ்துமஸ் வந்து போனது. நெவிலும் கூப்பிடவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது வரலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசித்து முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

ஹிலரி வீட்டுக்குள் நுழைந்தபோது பிரையனி சாண்ட்விச்சுக்காக முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெஜ் போன் பண்ணாரும்மா. இன்னிக்கு வர முடியாதாம்."

ஹிலரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ரெஜ் பக்கத்து ஊர்க்காரர். மார்ட்டினின் கயிற்றைப் பிடிக்க அவரைத்தான் சொல்லிவைத்திருந்தாள்.

"முதுகு வலியா?"

"இல்லயாம். இந்தக் கலாட்டாவுல மாட்டிக்க விரும்பலயாம். அவர் ஊர்லயும் பேச்சாம். ரெண்டு பக்கமும் நண்பர்கள் இருக்காங்கன்னாரு."

"ரெண்டு பக்கமும் நண்பர்கள் இருக்கிறவர் நெவில் சாவுக்கு வரலாமே!" ஹிலரி கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டாள். "இப்ப எனக்கு ஆறு கயிறு, அஞ்சு ஆள்."

"அஞ்சு மணி அடிச்சா ஆகாதா?"

"ஆகும். பொக்கை வாய் மாதிரி இருக்கும்."

பிரையனி முட்டை ஓட்டை ஒரு கிண்ணத்தில் தள்ளினாள். அம்மா எதைக் கேட்காமல் கேட்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பருவத்தில் அந்த அறையில் கற்றுக்கொண்டவள்தான் அவளும்.

"நான் கயிறு தொட்டே வருஷக்கணக்காச்சு."

"கை மறக்காது."

"கையைப் பத்தி இல்லம்மா. நான் அவரை இன்னும் மன்னிக்கல. அழுகை கூட வரல. அப்படியிருக்க அவருக்கு மணி அடிச்சா அது பொய்யில்லையா?"

ஹிலரி ஒரு முட்டையை எடுத்து உடைத்தாள். "மன்னிச்சவங்கதான் கயிறு பிடிக்கணும்னா நம்ம மணிக்கூண்டை என்னிக்கோ இழுத்துப் பூட்டியிருக்கணும். அஞ்சாவது கயித்துக்கு எனக்கு ஆள் வேணும். மத்தது எனக்குத் தெரியாது."

"மார்ட்டின் என்ன சொல்வான்? அது அவன் கயிறு."

"கேட்டுக்கோ. வாசல்லதான் நிப்பான்."

மார்ட்டின் தேவாலய வாசலில்தான் நின்றான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சவ ஊர்வலம் வருவதற்கு முன்பே கல்லறைத் தோட்டத்துப் பாதையில் பாதி ஊர் கூடியிருந்தது. கிளைவ் கோட்டுக் காலரில் சின்னப் பிரிட்டன் கொடி குத்தியிருந்தார். ஹிலரியைப் பார்த்ததும் கையால் அதை மறைத்துக்கொண்டார்.

அவரைத் தாண்டிப் போவதற்குள் ஃபினெல்லா வந்து ஹிலரியைக் கட்டிக்கொண்டாள். ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர். தலையில் ஐரோப்பிய யூனியன் கொடி மாதிரி மஞ்சள் நட்சத்திரம் தைத்த நீலத் தொப்பி.

"ஹிலரி, உங்க தைரியம் யாருக்கும் வராது! காலைலேருந்து அழுதுகிட்டே இருக்கேன். இந்த ஊர்ல ஒருத்தராவது துக்கப்படுறாங்களேன்னு..."

"எங்க அண்ணன் செத்துட்டாரு, ஃபினெல்லா."

"தெரியும்மா. ரெண்டு துக்கமும் சேர்ந்து..."

"ஒரே துக்கம்தான். அந்தத் தொப்பியைக் கழட்டிட்டு உள்ள வர்றதுன்னா வாங்க."

ஃபினெல்லாவின் முகம் சுருங்கியது. ஹிலரிக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. திட்ட வந்தவர்கள், பாராட்ட வந்தவர்கள் இரண்டு தரப்பாரும் ஒரே மாதிரிதான் அண்ணனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் மார்ட்டின் படியில் ஏறி நின்றான். மேடை ஏறிப் பேசுகிறவன் இல்லை அவன். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. மணிக்குத் தோல் கட்டியிருக்கு. எங்கம்மா சொல்லித்தான் கட்டியிருக்கு. எங்கப்பாவுக்காகக் கட்டியிருக்கு. அவர் எந்தப் பக்கம்னு உங்க எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு ராத்திரி வரைக்கும் இருந்திருந்தா உங்க எல்லாருக்கும் அவர் செலவுல சைடர் கிடைச்சிருக்கும். ஆனா அவர் இல்ல." நிறுத்தினான். "துக்கத்துக்கு வந்தவங்க உள்ள வாங்க. வேற எதுக்காவது வந்தவங்க தயவுசெஞ்சு சாயங்காலமா வாங்க."

கிளைவ் காலரிலிருந்து கொடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். ஃபினெல்லாவும் தொப்பியை எடுத்து மடித்துக்கொண்டாள்.

பிரையனி படிக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மார்ட்டின் இறங்கியதும் அவளை நேருக்கு நேர் பார்க்க நேர்ந்தது.

"ரெஜ் வரல" என்றாள். "உன் கயித்தை நான் பிடிக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு."

மார்ட்டின் அவள் கைகளைப் பார்த்தான். "என் கயிறு உனக்குக் கொஞ்சம் நீளம்" என்றான். "நுனியை ஒரு சாண் மடிச்சுப் பிடிச்சுக்கோ. இல்லாட்டி அடி முந்தி விழுந்துடும்."

கயிறு தொங்கும் அறையில் ஆறு பேரும் வட்டமாக நின்றார்கள். அண்ணன் பிடித்த பெரிய மணிக்கு லெஸ்லி. சின்ன மணி ஹிலரிக்கு. அதைப் பிடித்திருப்பவர்தான் குரல் கொடுத்துத் தொடங்க வேண்டும்.

"தயாரா? புறப்படுறா..." ஹிலரி கயிற்றை இழுத்தாள். "போயிட்டா."

மணியைப் பெண்ணாக நினைத்து எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. இன்று அதைச் சொன்னதும் அவள் கண் அண்ணனின் கயிற்றுக்குப் போனது.

முதல் சுற்றில் பிரையனியின் மணி முந்திக்கொண்டு விழுந்தது. இரண்டாவதில் பின்தங்கியது. ஹிலரி அவள் பக்கம் திரும்பாமல் அப்பா கையைப் பார்க்கும்படி தலையால் காட்டினாள். பிரையனி லெஸ்லியின் கைகளையே பார்த்தபடி இழுத்தாள். மெல்ல மெல்ல ஆறு மணிகளும் படி இறங்குவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக விழ ஆரம்பித்தன. கணீரென்று ஒரு வரிசை. அதன் நிழல்போல மங்கலாக ஒரு வரிசை. மறுபடியும் கணீரென்று.

மணி நின்றபோது பிரையனியின் இரண்டு உள்ளங்கைகளும் சிவந்திருந்தன. அவள் அழவில்லை. கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஹிலரி அவளை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

அடக்கம் அமைதியாக முடிந்தது. போதகரம்மா ஆன்தியா நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நெவில் ஒருமுறை பிஷப்பின் காரின் மேல் பிளம் கூடையைக் கவிழ்த்த கதையைச் சொன்னார். கல்லறைக் குழியருகில் தோட்டத்து மேஸ்திரி ஸ்டோயான், வருஷா வருஷம் பல்கேரியாவிலிருந்து ஆள் கூட்டி வருகிறவர், ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு மௌரீனின் கையை முத்தமிட்டார்.

பிறகு எல்லோரும் கிராம மண்டபத்துக்கு வந்தார்கள். நீள மேசையில் முட்டை சாண்ட்விச், பன்றி இறைச்சி சுருட்டிய ரோல், பிளம் கேக். சூடான தேநீர் பெரிய பானையில். வெளியில் குளிர், உள்ளே கண்ணாடி ஜன்னலில் ஆவி படிந்திருந்தது.

ஹிலரிக்கு வெகு நாளைக்குப் பிறகு உடம்பு லேசானது. அதற்குக் காரணமும் இருந்தது. மார்ட்டின் தானே போய் ஒரு தட்டில் கேக் வைத்துப் பிரையனியிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"முதல்ல ரெண்டு சுத்து மோசம்" என்றான்.

"தெரியும்."

"அப்புறம் பரவால்ல. அப்பா இருந்தா 'பரவால்ல'ன்னுதான் சொல்லியிருப்பாரு. அதுக்கு மேல அவர் யாரையும் பாராட்டினதில்ல."

பிரையனி சிரித்துவிட்டாள். மார்ட்டினும் சிரித்தான். மூன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மௌரீன், ஹிலரி, லெஸ்லி, அவர்கள் இருவர். குடும்பம் என்று சொல்ல மிச்சம் இருந்தவர்கள் அவ்வளவுதான்.

மார்ட்டின் எல்லோருக்கும் சைடர் ஊற்றினான். இரண்டாவது கோப்பையில் அவன் முகம் மலர்ந்திருந்தது.

"ஒண்ணு சொல்றேன்" என்றான். "பிரையனி, நீ கோவிச்சுக்காதே. இந்த ஓட்டு வந்து எத்தனை வீட்டை உடைச்சிருக்கு, பாரு. புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம். பக்கத்து வீட்ல ரெண்டு பேரும் இன்னும் தனித்தனியா சாப்பிடுறாங்க. நம்ம ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல சண்டை வந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா எங்க வீட்டுக்குள்ள ஒரு நாள் சண்டை இல்ல. அப்பா, அம்மா, நான். மூணு ஓட்டும் ஒரே பக்கம்." கோப்பையைத் தூக்கினான். "அதுக்காக..."

"ரெண்டு" என்றாள் மௌரீன்.

தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"என்னம்மா?"

"மூணு இல்ல. ரெண்டு. நான் இருக்கணும்னுதான் போட்டேன்."

லெஸ்லி சாண்ட்விச்சைத் தட்டில் திரும்ப வைத்தார். மார்ட்டின் தூக்கிய கோப்பை தூக்கியபடியே நின்றது. அம்மா வேடிக்கை பண்ணுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். மௌரீன் வேடிக்கை பண்ணுகிறவள் இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப?"

மௌரீன் கரண்டியை எடுத்துச் சாசரில் வைத்தாள். "அந்தக் கூட்டம் நடந்ததே, இதே மண்டபத்துல. அன்னிக்குச் சாயங்காலம் கிளம்பும்போது சொன்னேன். அவர் கோட்டு போட்டுட்டிருந்தாரு. எங்கப்பா போருக்குப் போய்ப் பிரான்சுல அடிபட்டுக் கிடந்தவரு. நாமெல்லாம் சண்டையில்லாம ஒண்ணா இருக்கணும்னு சின்ன வயசுலேருந்து கேட்டு வளர்ந்தவ நான். நான் இருக்கணும்னுதான் போடப்போறேன்னேன். அவர் பொத்தானைப் போட்டுட்டு, 'நேரமாச்சு, வா'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசவே இல்ல."

பக்கத்து மேசையில் யாரோ எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள்.

மௌரீன் பிரையனியைத் திரும்பிப் பார்த்தாள். அடக்கம் முடியும் வரைக்கும் உலர்ந்திருந்த கண்கள் இப்போது நனைந்திருந்தன.

"கூட இருந்துகிட்டே முதுகுல குத்துறவங்கன்னு அவர் சொன்னது உன்னை இல்லம்மா. என்னை. நான் அவர் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். வீட்ல சொல்ல முடியாததை உன்மேல தூக்கிப் போட்டுட்டாரு. எனக்கு அப்பவே புரிஞ்சுது."

ஹிலரி மேசைக்கு அடியில் மகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"மூணரை வருஷம், அத்தை" என்றாள் பிரையனி. குரல் உயரவில்லை. "ஒரு போன் பண்ணியிருக்கலாமே. உன்னை இல்லன்னு ஒரு வார்த்தை. நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேனே. அவர் முகத்தைப் பார்த்திருப்பேனே."

மௌரீன் சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

மார்ட்டின் கோப்பையைக் கீழே வைத்தான். ஒரு சொட்டு சிந்தாமல் மெதுவாக வைத்தான். பிறகு எழுந்து, கோட்டைக் கூட எடுக்காமல், ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்துப் பிரையனியும் எழுந்தாள். அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு, நாற்காலியில் தொங்கிய மார்ட்டினின் கோட்டையும் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஹிலரி எழுந்து ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தாள்.

மழை வலுத்திருந்தது. மார்ட்டினின் தோட்டத்து வண்டிக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் பிரையனியும் நின்றிருந்தார்கள். பிரையனி வண்டியின் கூரைக்கு மேலாகக் கோட்டை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். பிறகு வண்டிக்குள் ஏறி, குனிந்து உள்பக்கமாக அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிக்கொண்டாள்.

வண்டி புறப்பட்டது. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தேவாலயத்துப் பக்கமும் திரும்பவில்லை. ஊருக்கு வெளியே போகும் பெரிய சாலையில் ஏறியது.

"எங்க போறாங்க?" என்று பின்னாலிருந்து மௌரீனின் குரல் கேட்டது.

"தெரியல அண்ணி" என்றாள் ஹிலரி, கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல். "சேர்ந்து போறாங்க."